சார்த்தர் ஒழிப்பது ஒழுக்கத்தையா, சாக்குப்போக்கையா? இரண்டு மணி நேர அமர்வுக்கு ஆலோசனை வேண்டும்

செந்தூல் வாசகி:

வணக்கம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நடக்கும் வாசகர் வட்டத்தின் அடுத்த அமர்வுக்கு இருத்தலியல் (மனிதன் தன் தேர்வுகளால் தன்னை ஆக்கிக்கொள்கிறான், அதற்கு அவனே பொறுப்பு என்னும் தத்துவம்) என்று முடிவாகியிருக்கிறது. நேரம் இரண்டு மணி. வருவோர் சுமார் 25 பேர். பாதிப் பேர் தமிழ்ப்பள்ளியில் நன்னெறிக் கல்வி கற்பிக்கும் ஆசிரியர்கள், ஐந்தாறு பேர் படிவம் 6 மாணவர்கள், மீதிப் பேர் திருக்குறளில் நல்ல பழக்கம் உள்ள பெரியவர்கள்.

1945 அக்டோபர் 29ஆம் நாள் பாரீஸில் பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர் ஆற்றிய 'இருத்தலியல் ஒரு மனிதநேயம்' உரையை வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். மறு ஆண்டே நூலாக வந்தது. சிறியது, ஒரே மூச்சில் படித்துவிடலாம். ஆனால் மூன்று இடத்தில் சிக்குகிறது.

ஒன்று, "கடவுள் இல்லையென்றால் எதுவும் செய்யலாம்" என்ற வரி. தொடக்கப்பள்ளி நன்னெறிக் கல்வியின் 14 நெறிகளில் முதலாவதே இறைவன் மீது நம்பிக்கை. மலேசியாவின் தேசியக் கோட்பாடான ருக்குன் நெகாராவின் முதல் கோட்பாடும் அதுதான். இந்த வரியோடு தொடங்கினால் அரங்கு அங்கேயே நின்றுவிடும். இரண்டு, கலைச்சொற்கள். ஆளுக்கொரு மொழிபெயர்ப்பு வைத்திருக்கிறோம். மூன்று, வெறும் சொற்பொழிவாகப் போகாமல் வந்தவர்களே யோசித்துப் பார்க்கும்படி எப்படி நடத்துவது?

தெரிந்தவர்கள் விவரமாகவே எழுதுங்கள்.

---

தண்ணீர்மலை:

அந்த வரியோடு தொடங்காதீர்கள். சார்த்தருக்கே அது முடிவு கிடையாது. தொஸ்தயேவ்ஸ்கி எழுப்பிய எண்ணத்தை எடுத்து "இங்கிருந்துதான் இருத்தலியல் புறப்படுகிறது" என்கிறார், அவ்வளவுதான். அனுமதிக்கவோ மறுக்கவோ மேலே ஆள் இல்லை என்றால் செய்ததற்கெல்லாம் செய்தவனே பொறுப்பு என்பதுதான் அவர் போய்ச் சேரும் இடம். "என் சுபாவம் அப்படி", "ஆத்திரத்தில் செய்துவிட்டேன்", "மேலிடத்து உத்தரவு" என்று எதையும் காட்டித் தப்பிக்க முடியாது. ஆத்திரத்துக்கும் நீதான் பொறுப்பு என்பார். பழைய ஒழுக்கத்தைவிட இது கடுமையானது. அவர் பறிப்பது ஒழுக்கத்தை இல்லை, ஒழுக்கத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் வசதியை. உங்கள் அமர்வு முழுக்க இந்த ஒன்றைச் சுற்றி வந்தால் போதும் என்பேன்.

நம்பிக்கை உள்ளவர்களை இது வெளியே தள்ளவும் வேண்டியதில்லை. உரையின் முடிவுப் பகுதியில் அவரே ஒன்று சொல்கிறார்: கடவுள் இருந்தாலும் எதுவும் மாறிவிடாது, மனிதன் தன்னைத் தானே கண்டடையத்தான் வேண்டும். கீர்க்ககார்டும் கப்ரியேல் மார்செலும் கிறிஸ்தவர்கள், ஆனாலும் இந்த வரிசையில் வருகிறவர்கள். இதை முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லிவிட்டால் ஆசிரியர்கள் காது கொடுப்பார்கள்.

நடத்தும் முறைக்கு வருகிறேன். உரையை முதலில் படிக்கக் கொடுக்காதீர்கள். அதில் வரும் மாணவனின் சிக்கலை மட்டும் ஒரு பக்கத் தாளில் கொடுங்கள். தந்தை தாயோடு பிணங்கியவர், ஜெர்மானியருக்கு ஒத்துழைக்கும் பக்கம் சாய்கிறவர். அண்ணன் 1940 ஜெர்மானியத் தாக்குதலில் இறந்துவிட்டான். தாய்க்கு இருக்கும் ஒரே ஆறுதல் இவன்தான். இங்கிலாந்துக்குப் போய் சுதந்திர பிரெஞ்சுப் படையில் சேர்வதா, தாயோடு இருப்பதா? இருந்தால் பலன் உறுதி, ஆனால் ஒருத்தருக்கு மட்டும். போனால் பலன் ஒரு நாட்டுக்கே, ஆனால் வழியில் ஸ்பெயின் முகாமில் மாட்டிக்கொண்டு எதற்கும் உதவாமலும் போகலாம்.

25 பேரை ஐந்து ஐந்தாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே ஒரு அளவுகோல் கொடுங்கள். முதல் குழுவுக்குக் குறள் மட்டும். இரண்டாவதற்கு ஜெர்மன் தத்துவவாதி காண்டின் விதி: மனிதரை வெறும் கருவியாக நடத்தாதே. மூன்றாவதற்கு "பிறரிடம் அன்பு செய்" என்ற சமயக் கட்டளை. நான்காவதற்கு மனசு சொல்வது. ஐந்தாவது குழு ஒரு பெரியவரிடம் யோசனை கேட்க வேண்டும். 20 நிமிடம். முடிவையும் காரணத்தையும் ஒரு தாளில் எழுத வேண்டும், மற்ற அளவுகோலைத் தொடக்கூடாது.

நடக்கப்போவது இது. அன்புக் குழு "எந்தப் பிறர், தாயா நாடா?" என்பதில் நிற்கும். காண்ட் குழு, தாயோடு இருந்தால் போரிடுகிறவர்களைக் கருவியாக்குகிறோம், போனால் தாயைக் கருவியாக்குகிறோம் என்று இரு பக்கமும் எழுதும். மனசுக் குழுவிடம் "தாய்ப்பாசம்தான் பெரிது என்று எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். தங்கியபிறகுதான் தெரியும் என்பார்கள். அதாவது செயலுக்கு வழிகாட்ட வேண்டிய உணர்ச்சியை அந்தச் செயலை வைத்தே அளக்கிறார்கள். யோசனைக் குழுவிடம் "யாரிடம் போனீர்கள், ஏன் அவரிடம்?" என்று மட்டும் கேட்டால் போதும். எந்தப் பதில் வரும் என்று தெரிந்துதான் ஆளைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். சார்த்தர் தம் உரையில் எடுத்துக்காட்டுவதும் இதையேதான்.

குறள் குழுவுக்குத்தான் சுவையான வேலை. கட்டாயம் யாராவது 656ஐ எடுப்பார்கள்: "ஈன்றாள் பசிகாண்பான் ஆயினும் செய்யற்க / சான்றோர் பழிக்கும் வினை." தாயின் பசியைக் காட்டிலும் பழியற்ற செயலே மேல், ஆகவே போகலாம் என்று வாதம் கிளம்பும். அங்கே நிறுத்துங்கள். தாயோடு இருப்பதைச் சான்றோர் பழிப்பார்களா? போவதைப் பழிப்பார்களா? இரண்டையுமே பழிக்கமாட்டார்கள். அப்படியானால் அந்தக் குறள் இந்தச் சிக்கலுக்கு வாய் திறக்கவில்லை. "பல்லுயிர் ஓம்புதல்" என்று 322ஐக் கொண்டு வந்தால் போகும் பக்கம் இழுக்கும், செய்ந்நன்றி மறப்பவருக்கு உய்வில்லை என்ற 110ஐக் கொண்டு வந்தால் தாய் பக்கம் இழுக்கும். எந்தக் குறளை எடுப்பது என்பதைக் குறள் சொல்லாது, எடுக்கிறவர் சொல்ல வேண்டும். இந்த இடம் வந்தபிறகு உரையைக் கையில் கொடுங்கள்.

---

சொல்லேடு:

கலைச்சொற்களுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். குழப்பத்தில் பாதி இங்கிருந்துதான் வருகிறது.

மோவேஸ் ஃபுவா என்ற பிரெஞ்சுத் தொடரை "தீய நம்பிக்கை" என்று போட்டிருந்தால் அடித்துவிடுங்கள், மூடநம்பிக்கை என்று நினைத்துக்கொள்வார்கள். தன்னைத் தானே ஏய்த்துக்கொள்வது என்று விரித்துச் சொல்லுங்கள், அல்லது தன்னேய்ப்பு. பொய்யில் ஏய்ப்பவர் ஒருவர், ஏமாறுபவர் வேறொருவர். இதில் இரண்டும் ஒரே ஆள். "தன்நெஞ்சு அறிவது பொய்யற்க" என்ற 293ஆம் குறளோடு சேர்த்துக் காட்டலாம், ஆனால் இரண்டும் ஒன்று என்று சொல்லிவிடாதீர்கள். வள்ளுவரிடம் நெஞ்சு அறியும், பிறகு சுடும். தனக்குத் தெரிந்ததைத் தனக்கே எப்படி மறைக்க முடிகிறது என்பதுதான் சார்த்தரின் கேள்வி. 1943இல் வந்த 'இருப்பும் இன்மையும்' நூலில் ஓர் உணவகப் பணியாளரைக் காட்டுகிறார். நடை கொஞ்சம் அதிக விறைப்பு, குனிவு கொஞ்சம் அதிக ஆர்வம், தட்டைத் தூக்கிப் போகும் விதத்தில் கொஞ்சம் அதிகக் கணக்கு. அவர் பணியாளர் வேலை பார்க்கவில்லை, மேசை மேசையாக இருப்பதுபோல் தானும் பணியாளராகவே ஆகிவிடப் பார்க்கிறார். இதைச் சொல்லும்போது வேலையை ஒழுங்காகச் செய்வது தப்பு என்ற அர்த்தம் வந்துவிடக்கூடாது. பெரும்பாலும் அப்படித்தான் புரிந்துகொள்வார்கள்.

ஆங்குவாஸ் என்பது பயம் இல்லை. பயம் வெளியே இருக்கும் ஒன்றைப் பார்த்து வருவது. இது என்னைப் பார்த்தே எனக்கு வருவது. உள்நடுக்கம் என்று வைக்கலாம். சூதாடியின் உதாரணத்தைச் சொல்லுங்கள்: இனி ஆடமாட்டேன் என்று நேற்று மனசார உறுதி எடுத்தவர் இன்று மேசையைப் பார்க்கிறார், நேற்றைய உறுதி இன்றைய கையைப் பிடித்து நிறுத்தவில்லை. இன்றைக்கு மறுபடியும் புதிதாக முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. லாட்டரி நம்பர் கடையைத் தாண்டிப் போகிறவருக்கு இதை விளக்கவே தேவையில்லை.

டெலெஸ்மான். "கைவிடப்பட்ட நிலை" என்றால் யாரோ கைவிட்டதுபோல் இருக்கிறது. திக்கற்ற நிலை என்றால் நன்றாகப் பொருந்தும். "திக்கற்றவர்க்குத் தெய்வமே துணை" என்பது நம் வாயில் ஒரே மூச்சில் வரும். முதல் பாதியை வைத்துக்கொண்டு இரண்டாம் பாதியை எடுத்துவிட்டால் சார்த்தர் சொல்வது அதுதான்.

டெசெஸ்புவார் "விரக்தி" அல்ல. என் கைக்கு எட்டாததை நம்பிக் கணக்குப் போடாமல் செயலில் இறங்குவது என்ற பொருளில்தான் அவர் உரையில் வருகிறது. யாராவது உடனே கீதையின் பலன் கருதாச் செயலோடு முடிச்சுப் போடுவார்கள். பலன் வேண்டாம் என்று சார்த்தர் சொல்லவில்லை. பலன் வரும் என்ற உத்தரவாதம் கேட்காதே என்கிறார்.

ஜெர்மன் தத்துவவாதி ஹைடெக்கரின் டாஸ் மான். 1927இல் வந்த 'இருப்பும் காலமும்' நூலில் இருக்கிறது. இதற்கு மொழிபெயர்ப்பே வேண்டாம். "நாலு பேர் என்ன சொல்வாங்க" என்கிறோமே, அந்த நாலு பேர். எண்ணிப் பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள், ஆனால் கல்யாணத்திலிருந்து கருமாதி வரை அவர்கள்தான் முடிவு செய்கிறார்கள்.

கடைசியாக, சார்த்தரின் தோழியும் தத்துவவாதியுமான சிமோன் தி பொவ்வாரின் 'லொம் ஸெரியூ'. "தீவிர மனிதன்" என்று போட்டால் அரங்கில் தீவிரவாதி நினைப்பு வந்துவிடும். மதிப்புகளைக் கல்லில் வெட்டி வைத்ததாக எடுத்துக்கொள்கிறவர் என்று சொல்லுங்கள். நீளம்தான், ஆனால் பிசகாது.

---

ஜெலுத்தோங் கரை:

தண்ணீர்மலை சொன்ன பயிற்சி நன்றாக ஓடும். ஆனால் அதோடு நிறுத்தினால் கேட்பவர்களுக்கு நியாயம் செய்ததாகாது. சார்த்தர் அந்த மாணவனைத் தேர்ந்தெடுத்ததிலேயே ஒரு வசதி இருக்கிறது. இரண்டு பக்கமும் நல்லது என்று அமைந்த வழக்கு அது. அந்த வழக்கில் விதி தீர்ப்புச் சொல்லவில்லை என்பதால் விதியே பயனில்லை என்று ஆகிவிடாது. காண்டுக்கும் இதில் ஓரளவு அநியாயம் நடக்கிறது. பொய் சொல்லாதே என்பதுபோல் விலக்கே இல்லாத கடமைகள் ஒரு வகை, பிறருக்கு உதவு என்பதுபோல் யாருக்கு, எவ்வளவு என்பதை நம்மிடமே விட்டுவிடும் கடமைகள் இன்னொரு வகை என்று காண்டே பிரித்திருக்கிறார். மாணவனின் இரு வழியும் பெரும்பாலும் இரண்டாம் வகை. காண்ட் அங்கே இடம் விட்டுத்தான் வைத்திருக்கிறார்.

அதனால் இரண்டாவது வழக்கு ஒன்று கட்டாயம் வையுங்கள், விதி பளிச்சென்று தெரியும் வழக்கு. ஒரு சின்னக் கடைக்காரர். உரிமம் புதுப்பிக்க வேண்டும். கோப்பு மூன்று வாரமாக நகரவில்லை. காப்பிக் காசு கொடுத்தால் நாளைக்கே முடியும். கொடுக்கிறார். கேட்டால் "எல்லாரும் கொடுக்கிறாங்க, நான் ஒருத்தன் கொடுக்காட்டி மாறிடுமா" என்கிறார். லஞ்சம் தவறு என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, 14 நெறிகளையும் ஒப்பிப்பார். அவருக்குப் புது விதி தேவையில்லை. அந்த ஒரு வாக்கியத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். "எல்லாரும்" யார்? நாலு பேர். "நான் ஒருத்தன்" என்றால் தன்னை எண்ணிக்கையில் கரைத்துவிட்டார். கொடுத்தது அவர் கை, ஆனால் வாக்கியத்தில் அவர் இல்லை. இருத்தலியலுக்கு உண்மையான வேலை இங்கேதான் என்பது என் கருத்து. அவருடைய வியாபார நெருக்கடியைக் குறைத்துப் பேச வேண்டாம். நெருக்கடி நிஜம், அதற்குள்ளே எடுத்த முடிவும் நிஜம். சூழ்நிலை இல்லாமல் சுதந்திரம் இல்லை என்று சார்த்தரும் சொல்கிறார்.

அடுத்தது பெரிய ஓட்டை. தன்னை ஏய்க்காமல், முழுப் பொறுப்போடு ஒருவர் கொடுமையைத் தேர்ந்தெடுத்தால்? நாலு பேரிடமிருந்து மீண்டு தன்னிலை அடைவது பற்றி அவ்வளவு ஆழமாக எழுதிய ஹைடெக்கர் 1933இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். எப்படி முடிவெடுக்க வேண்டும் என்று இந்தத் தத்துவம் சொல்கிறது, எதை என்று சொல்வதில்லை. சார்த்தர் உரையில் ஒரு தாவல் தாவுகிறார்: என் சுதந்திரத்தை விரும்பினால் பிறர் சுதந்திரத்தையும் விரும்பியே ஆக வேண்டும் என்று. ஏன் ஆக வேண்டும்? அங்கே வாதம் மெலிவாக இருக்கிறது. 1943 நூலின் முடிவில் ஒழுக்கவியல் தனி நூலாக வரும் என்றார், அவர் வாழ்நாளில் வரவில்லை. 1947, 48இல் எழுதிய குறிப்பேடுகள் 1983இல்தான் அச்சேறின, அவர் இறந்து மூன்று ஆண்டு கழித்து.

அந்தத் தாவலுக்குக் கல் அடுக்கிப் பாலம் கட்டப் பார்த்தவர் சிமோன் தி பொவ்வார். 1947இல் வந்த 'இருமையின் அறம்', மூன்றே பகுதி. உங்களுக்கு இரண்டாம் பகுதி போதும். நான் செய்யும் எதற்கும் பொருள் வர வேண்டுமானால் அதை எடுத்துத் தொடர வேறு மனிதர்கள் வேண்டும், அவர்கள் சுதந்திரமாக இருந்தால்தான் எடுப்பார்கள், அடிமை எடுத்தால் அது தொடர்ச்சி ஆகாது என்பது அவர் வாதம். எனக்கு இது முக்கால் தூரம் கொண்டு போகிறது. பிற்காலத்தில் அவரே தம் நூல்களில் தமக்கு அதிக எரிச்சல் தருவது இதுதான் என்று எழுதினார். அப்படியிருந்தும் ஒழுக்கம் பற்றிப் பேச சார்த்தரின் உரையைவிட இதுவே மேல்.

ஆசிரியர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 14 நெறிகளை மனப்பாடமாக ஒப்பிக்க வைப்பது பொவ்வார் சொல்லும் கல்வெட்டு மனிதரை உருவாக்கும் வழிதான். ஆனால் அந்த நெறிகளே தவறு என்று அவர் சொல்லவில்லை. பிள்ளைப் பருவத்தில் மதிப்புகள் ஆயத்தமாகத்தான் வந்து சேரும், அது இயல்பு. வளர்ந்தபிறகும் அவற்றை யாரோ வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி வைத்திருப்பதுதான் கோளாறு. இதைத் தெளிவாகச் சொல்லாவிட்டால் உங்கள் அரங்கில் பாதிப் பேர் தங்கள் வேலையையே இழிவுபடுத்துவதாக நினைத்துக்கொள்வார்கள்.

---

செந்தூல் வாசகி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. குழுவுக்கு ஓர் அளவுகோல் என்ற முறையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டு துணைக் கேள்வி. பிரெஞ்சு மாணவனுக்குப் பதில் நம்மூர்ச் சிக்கல் ஒன்றை வைக்கலாமா? தாயை விட்டுவிட்டு சிங்கப்பூர் வேலைக்குப் போவதா என்பதுபோல? அடுத்து, ஒரு பெரியவர் ஜெர்மன் தத்துவவாதி நீட்சே பற்றியும், கடவுள் கட்டளைப்படி மகனைப் பலியிடப் போன ஆபிரகாம் கதை பற்றி கீர்க்ககார்ட் எழுதியது பற்றியும் கட்டாயம் வேண்டும் என்கிறார். இரண்டு மணி நேரத்தில் எல்லாம் அடங்குமா?

---

தண்ணீர்மலை:

சிங்கப்பூர் வேண்டாம். இரண்டு காரணம். சம்பளத்தில் பாதி தாய்க்கு வரும், ஆகவே சமரசம் இருக்கிறது, சிக்கல் உடனே அவிழ்ந்துவிடும். தவிர, போவதில் தன் நலமும் கலந்திருக்கிறது, பேச்சு "பணமா பாசமா" என்று திரும்பிவிடும். சார்த்தரின் வழக்கு நிற்பதே நான்கு காலில்: இரண்டும் நல்லவை, இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது, ஒன்று உறுதியான சிறிய பலன், மற்றது உறுதியில்லாத பெரிய பலன். இதில் ஒரு கால் உடைந்தாலும் வழக்கு விழுந்துவிடும்.

இப்படி அமைத்துப் பாருங்கள். புக்கிட் மெர்தாஜாமில் ஒரு தாய். வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் சுமார் நான்கு மணி நேரம். மகள் பயிற்சி பெற்ற ஆசிரியை. கடல் தாண்டி சபாவில் நாடற்ற பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் தொண்டுப் பணிக்கு அழைப்பு வந்திருக்கிறது, இரண்டு ஆண்டுக்கு. அந்தப் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் இடம் கிடைப்பது அரிது. பணம் இதில் எந்தப் பக்கமும் இல்லை. இனி ஓட்டைகளை அடைக்க வேண்டும், இல்லையென்றால் முதல் பத்து நிமிடத்திலேயே நழுவுவார்கள். "அக்கா பார்த்துக்கொள்ளட்டும்" என்பார்கள், ஆகவே உடன்பிறப்பு இல்லை என்று எழுதுங்கள். "அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகலாம்" என்பார்கள், தாய் ஊரைவிட்டு வர மறுக்கிறார் என்று எழுதுங்கள். "அம்மாவிடமே கேட்கலாமே" என்பார்கள். இதை மட்டும் அடைக்காதீர்கள். தாய் "நீ போ" என்றால் மகள் அந்தச் சொல்லை நம்ப வேண்டுமா என்று திருப்பிக் கேளுங்கள். எந்தத் தாய் வேறு மாதிரி சொல்வார்? அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று தீர்மானிக்கும் பொறுப்பு மறுபடியும் மகளிடமே வந்து நிற்கும். உரையில் சகுனங்களைப் பற்றிச் சொல்லும் இடம் இதுதான், அறிகுறி தானாகப் பேசாது, நாம்தான் அதைப் பேச வைக்கிறோம்.

கீர்க்ககார்டுக்கு 20 நிமிடம் ஒதுக்கினால் போதும், ஆனால் நேராக ஆபிரகாமிடம் போக வேண்டாம். பெரிய புராணம் அறிந்த பெரியவர்கள் இருக்கிறார்களே, மனுநீதிச் சோழனிடம் தொடங்குங்கள். 1843இல் வந்த 'அச்சமும் நடுக்கமும்' நூலில் அவர் ஒப்பிடும் துயர நாயகர்கள் மூவர்: அகமெம்னான், யெப்தா, புரூட்டஸ். மூவரும் தம் பிள்ளையைப் பலி கொடுத்தவர்கள், ஆனால் எல்லாருக்கும் புரியும் ஒரு காரணத்துக்காக. ஊர் அழும், ஆனால் தலையாட்டும். நீதிக்காகப் பெற்ற பிள்ளைகளையே கொல்லவைத்த புரூட்டஸ் அப்படியே நம் மனுநீதிச் சோழன். கன்றை இழந்த பசு மணியை அடித்தது, காரணம் திருவாரூர் முழுக்கத் தெரியும். இது அறத்துக்கு உள்ளேயே நடக்கும் துயரம்.

ஆபிரகாம் அப்படி இல்லை. யாருக்கும் விளக்க முடியாது. மனைவியிடம் சொல்லவில்லை, வேலைக்காரனிடம் சொல்லவில்லை, மகனிடமும் சொல்லவில்லை. சொன்னால் கொலை என்றுதான் சொல்லுக்கு வரும். நூலுக்கு அவர் போட்டுக்கொண்ட புனைபெயரிலேயே மௌனம் இருக்கிறது, ஜொஹானஸ் தி சிலென்ஸியோ. பொது அறத்தைத் தாண்டி ஒரு தனி மனிதன் நிற்க முடியுமா என்ற கேள்விக்கு அவர் பதிலைத் தட்டில் வைத்து நீட்டுவதில்லை.

இங்கே யாராவது, அடியார் கேட்டதற்காகத் தம் பிள்ளையையே அரிந்து சமைத்த சிறுத்தொண்டரைக் கொண்டு வருவார்கள். வரட்டும், நல்ல இடம். ஆனால் வித்தியாசத்தைக் காட்டுங்கள். சிறுத்தொண்டர் தனியாக இல்லை. மனைவி இசைகிறார், பிள்ளையைப் பிடித்துக்கொள்கிறார், தாதியும் உடன் நிற்கிறார். அடியாருக்கு அமுது படைத்தல் என்ற நெறி முன்கூட்டியே அந்தச் செயலுக்குப் பெயர் வைத்திருக்கிறது. பேச மொழி இருக்கிறது. கீர்க்ககார்ட் கணக்கில் அவர் ஆபிரகாமுக்கும் மனுநீதிக்கும் நடுவில் எங்கோ நிற்கிறார், எங்கே என்று அரங்கையே சொல்லவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. நபி இப்ராஹிமின் தியாகம் ஹஜ்ஜுப் பெருநாளோடு சேர்ந்தது, தமிழ் முஸ்லிம் நண்பர்களும் வரக்கூடும். நாம் பேசுவது ஆதியாகமக் கதையை கீர்க்ககார்ட் எப்படி வாசித்தார் என்பதை, எந்தச் சமயத்தின் நம்பிக்கையையும் எடைபோட அல்ல என்று தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

---

ஜெலுத்தோங் கரை:

நீட்சேக்கு ஒரே ஒரு சொல்லை எடுங்கள்: கடன்.

1887இல் வந்த 'ஒழுக்கத்தின் மரபுவழி' மூன்று கட்டுரை கொண்டது. இரண்டாவதில் ஒரு சொல் ஆராய்ச்சி வருகிறது. ஜெர்மன் மொழியில் குற்றத்துக்கும் திருப்பித் தர வேண்டிய பணத்துக்கும் ஒரே சொல், ஷூல்ட். குற்ற உணர்வு கடன் கொடுத்தவர், வாங்கியவர் உறவிலிருந்து முளைத்தது என்பது அவர் வாதம். அடுத்து மூதாதையருக்கு வருகிறார். குலம் செழிக்கச் செழிக்க முன்னோருக்குப் பட்ட கடனும் ஏறுகிறது, ஏறி ஏறி முன்னோர் கடைசியில் தெய்வமாகிறார்.

தமிழில் கடமையும் கடன், வாங்கிய பணமும் கடன். "ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே" என்று புறநானூறு 312. நன்றிக்கடன், பிதிர்க்கடன், தைப்பூசத்தில் காவடி எடுப்பது நேர்த்திக்கடன். புக்கிட் மெர்தாஜாம் மகள் கலங்குவது அன்பினாலா, கணக்குத் தீராததாலா என்று அரங்கிடம் கேளுங்கள். அந்தப் பேச்சுக்கே அரை மணி நேரம் போகும், போகட்டும்.

ஆனால் ஒரு கட்டுப்பாடு. ஒரு மதிப்பு எங்கிருந்து பிறந்தது என்பதைக் காட்டிவிட்டால் அது பொய்யாகிவிடாது. நீட்சேயை முதன்முதலாகப் படிக்கிறவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். நன்றி கடனிலிருந்து வந்தது என்றே வைத்துக்கொள்வோம், அதனால் நன்றி பயனற்றது என்று எப்படி ஆகும்? எங்கிருந்து வந்தது என்று தெரிந்தபிறகும் இதை என்னுடையதாக வைத்துக்கொள்கிறேனா என்று கேட்கத்தான் அந்த ஆராய்ச்சி உதவும். காவடியும் அப்படித்தான். வெளியே இருந்து பார்த்து இவர் நாலு பேருக்காக எடுக்கிறார், அவர் தானாக எடுக்கிறார் என்று யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. பத்துமலையில் 272 படி ஏறுகிறவர் தமக்குள்ளே சொல்லிக்கொள்ள வேண்டிய பதில் அது. மாணவர்கள் யாராவது சடங்கு என்றாலே தன்னேய்ப்பு என்று ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

நேரம் பற்றி: முதல் வழக்கும் குழு வேலையும் 45 நிமிடம், உரையிலிருந்து பகுதிகளை வாசிக்க 20, காப்பிக் காசு வழக்கு 15, மனுநீதியும் ஆபிரகாமும் 20, மீதி 20 கடனுக்கு. அரை மணி நேரம் போகும் என்றேன், ஆகவே ஏதாவது ஒன்றைக் குறைக்கத்தான் வேண்டும். பிரெஞ்சு எழுத்தாளர் காம்யுவைத் தொடாதீர்கள். தம்மை இருத்தலியல்வாதி என்று அழைப்பதை அவரே ஏற்கவில்லை, 1952இல் சார்த்தரோடு உறவும் முறிந்தது. அவருக்குத் தனி அமர்வு வேண்டும்.

---

செந்தூல் வாசகி:

போதுமான அளவுக்கு மேலேயே கிடைத்துவிட்டது, நன்றி ஐயா. அப்படியானால் முதல் வழக்கை 35 நிமிடமாகச் சுருக்கிக்கொள்கிறேன். அழைப்பிதழில் "தீதும் நன்றும் பிறர்தர வாரா" என்று போடலாம் என்று குழுவில் ஒரு பேச்சு. கணியன் பூங்குன்றனார் அன்றே இருத்தலியல் சொல்லிவிட்டார் என்று ஒரு வரியும் சேர்க்கலாமா?

---

சொல்லேடு:

முதல் வரியைப் போடுங்கள், இரண்டாவதைச் சேர்க்காதீர்கள். புறநானூறு 192ஐ முழுதாக வாசித்தால் ஏழெட்டு வரி தள்ளி ஒரு புணை வருகிறது: "நீர்வழிப் படூஉம் புணைபோல் ஆருயிர் / முறைவழிப் படூஉம்." பேராற்றில் தெப்பம் போவதுபோல் உயிர் முறையின் வழியே போகிறது என்கிறார். தெப்பத்தில் துடுப்பு இல்லை. சார்த்தர் இதை ஒப்பவேமாட்டார். அந்தத் தெளிவிலிருந்துதான் பெரியோரை வியத்தலும் இல்லை, சிறியோரை இகழ்தல் அதனினும் இல்லை என்ற முடிவுக்குப் பூங்குன்றனார் வருகிறார். தன் தீமைக்குப் பிறரைக் காரணம் காட்டாத ஒரு மனமும், ஆற்றோடு போகும் ஒரு தெப்பமும் ஒரே பாட்டில் இருக்கின்றன.

13 வரிதான். முழுப் பாட்டையும் அழைப்பிதழின் பின்பக்கத்தில் அச்சடித்துவிடுங்கள். "நீர்வழிப் படூஉம்" என்பதில் அளபெடையை அச்சகத்தில் விட்டுவிடுவார்கள், பிழை திருத்தும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.